எல்லோரும் பேட்டரியைத்தான் கேட்கிறார்கள்

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். லிஃப்டில் மூன்றாம் மாடிக்காரர் கேட்பார். சக்கரத்துக்குக் காற்றடிக்க நிறுத்தினால் காற்றடிக்கும் பையனும் கேட்பான். “ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு தூரம் போகும்? பேட்டரி போனால் எவ்வளவு செலவாகும்?” மூன்றரை வருடமாக மின்கார் ஓட்டுகிறேன். இந்த இரண்டு கேள்விகளைத் தாண்டி மூன்றாவதாக ஒன்றை யாரும் கேட்டதில்லை. வாங்கும்போது நானும் கேட்கவில்லை. பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் 20 வருடமாக வெல்டிங் இன்வெர்ட்டர் பழுது பார்க்கிறவன் நான். வேறு யார் கேட்காவிட்டாலும் நான் கேட்டிருக்க வேண்டும்.

போன வருடம் சித்ரா பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போவதாக ஏற்பாடு. ஜாலஹள்ளியில் எங்கள் அடுக்ககத்திலிருந்து ஒசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாக 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். முழுச் சார்ஜில் கிளம்பினால் வழியில் ஒரு காப்பிக்கு மட்டும் நின்றால் போதும். முந்தைய இரவு கோடை மழை. கரண்ட் போவதும் வருவதும், ஜெனரேட்டர் உறுமுவதும் அடங்குவதுமாக ஐந்தாறு தடவை நடந்தது. படுக்கும் முன் கீழ்த்தளத்துக்குப் போய்க் காரில் சார்ஜைப் போட்டுவிட்டு வந்தேன். விடியற்காலை நாலரைக்கு மனைவி புளியோதரை டப்பாவைப் பின்னிருக்கையில் வைத்தபோது திரையில் சார்ஜ் 41 விழுக்காடு என்று இருந்தது. நான் படுக்கப் போகும்போது 38.

சுவர்ப் பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. கன் சரியாகப் பொருந்தியிருக்கிறது. (சார்ஜ் ஏற்றும் கைப்பிடியை இந்த ஊரில் எல்லோரும் கன் என்றுதான் சொல்கிறார்கள். அண்ணாமலையாரைப் பார்க்கக் கிளம்பும் வேளையில் அந்தச் சொல் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.) கழற்றி மாட்டினேன். டிக்கியில் கிடந்த 15 ஆம்பியர் சார்ஜரை எடுத்துச் சாதாரண சாக்கெட்டில் செருகிப் பார்த்தேன். அதுவும் அப்படியே. ஆக, குற்றம் சுவரில் இல்லை. “என்னங்க, சாந்தி நகர் போனால் ஆறு மணிக்குள் பஸ் கிடைக்குமா?” என்றாள். கிடைத்தது. கிரிவலப் பாதை முழுக்க நான் மனத்துக்குள் அந்தக் காரின் மின்சுற்றைத்தான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

சார்ஜ் ஏறுவது என்பது பிளக்கைச் செருகியதும் மின்சாரம் பாய்வது அல்ல. முதலில் ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறது. கன்னில் பெரிய ஊசிகளோடு இரண்டு சின்ன ஊசிகளும் இருக்கின்றன. அதில் ஒன்று பைலட் கம்பி. செருகாதபோது சுவர்ப் பெட்டி அதில் 12 வோல்ட் வைத்திருக்கும். காரில் செருகினால் அது 9 ஆக இறங்கும். ‘ஆள் வந்திருக்கிறார்’ என்று அர்த்தம். கார் தயாரானதும் தானே அதை 6 ஆக இறக்கும். ‘போடு’ என்று அர்த்தம். அதன் பிறகுதான் பெட்டிக்குள் ரிலே என்ற சுவிட்சு விழுந்து 230 வோல்ட் வரும். என் கார் 9 வரைக்கும் வந்து நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்த விருந்தாளி வாசலிலேயே நிற்பதுபோல.

பேட்டரி நேர்மின்சாரத்தில் வாழ்வது. வீட்டுக்கு வருவது மாறுமின்சாரம். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவர் காருக்குள்ளேயே, பெரும்பாலும் முன்பக்க மூடிக்கு அடியில், அலுமினியப் பெட்டிக்குள் இருக்கிறார். ஆன்போர்டு சார்ஜர் என்பார்கள். சுவரில் நாம் மாட்டுவதைச் சார்ஜர் என்று சொல்கிறோமே, அது உண்மையில் சார்ஜரே அல்ல. பாதுகாப்பான ஒரு சுவிட்சு. வேலையெல்லாம் காருக்குள் இருக்கும் பெட்டிக்குத்தான். வெளியே வேகச் சார்ஜ் நிலையங்களில் இருக்கும் ஆளுயரப் பெட்டி வேறு சாதி. அது தானே மாற்றி, நேர்மின்சாரத்தை இந்தப் பெட்டியைத் தொடாமல் பேட்டரிக்கே அனுப்பிவிடும்.

இது எனக்குத் தெரிந்ததுதான். இருந்தும் திங்கட்கிழமை வரை உறைக்கவில்லை. தும்கூர் சாலையில் ஒரு வேகச் சார்ஜ் நிலையத்தில் போய்ச் செருகினேன். ஏறியது! பேட்டரி நன்றாக இருக்கிறது. செத்தது மொழிபெயர்ப்பாளர் மட்டும். சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் அரை மணி நேரம் அங்கேயே நின்றேன்.

சர்வீஸ் சென்டரில் மடிக்கணினியை மாட்டி ஒரு பிழைக் குறியீட்டைப் படித்தார்கள். பெட்டியை மாற்ற வேண்டும், வாரண்டி இருக்கிறது, செலவு இல்லை. பெட்டி கையிருப்பில் இல்லை, வரவழைக்க வேண்டும். எத்தனை நாள்? “இரண்டு மூன்று வாரம் சார்.” 34 நாள் ஆனது. திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். முத்திரையை உடைத்தால் கம்பெனியிடமிருந்து தங்களுக்கே அந்தப் பெட்டிக்கான தொகை கிடைக்காது என்றார் அங்கிருந்த ஊழியர். சும்மா தெரிந்துகொள்வதற்காக, வாரண்டி இல்லாதிருந்தால் எவ்வளவு என்று கேட்டேன். தட்டித் தேடி, திரையை என் பக்கம் திருப்பினார். 1,38,000 ரூபாய். வேலைக்கூலி தனி.

அன்றிரவு வாரண்டிப் புத்தகத்தை முதல் முறையாகப் படித்தேன். பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது அதுதான். ஆன்போர்டு சார்ஜர் ‘ஏனைய பாகங்கள்’ என்ற வரிசையில், கண்ணாடித் துடைப்பான் மோட்டாருக்குப் பக்கத்தில் இருந்தது. 3 வருடம். எனக்கு மீதி இருந்தது ஐந்து மாதம்.

அந்த 34 நாளும் வேகச் சார்ஜ் நிலையங்களே கதி. பெங்களூரில் நிலையங்களுக்குக் குறைவில்லை. செலவுதான் வீட்டில் ஆவதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அதற்கு மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வேறு. ஆனால் நிலையம் இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. செயலி ‘காலியாக இருக்கிறது’ என்று காட்டும். போய்ப் பார்த்தால் திரை கறுப்பாக இருக்கும். சில இடங்களில் கார் பெட்டியோடு பேசத் தொடங்கி, பாதியில் கோபித்துக்கொண்டு துண்டித்துவிடும்.

இதிலெல்லாம் என் குரு ஒரு வாடகைக் கார் ஓட்டுநர். தர்மபுரிப் பக்கத்துப் பையன், விமான நிலையத்துக்கு மின்கார் ஓட்டுகிறான். நான் கன்னோடு போராடுவதைப் பார்த்து அவனே இறங்கி வந்தான். “அண்ணா, விடுங்கள். இந்தக் கேபிள் கனம். கன்னைக் கீழே இழுக்கிறது. பூட்டு விழாது. இப்படி மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள்.” அழுத்தினேன். உள்ளே ‘டக்’ என்று பூட்டு விழுந்தது, ஓட ஆரம்பித்தது. ஒவ்வொரு நிலையத்தின் நோயும் அவனுக்குத் தெரிந்திருந்தது. எதில் மதியத்துக்கு மேல் சூடேறி வேகம் குறையும், எதில் இடது கன்னை மட்டும் நம்பலாம், எதில் 60 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் 30தான் வரும் என்று ஒப்பித்தான். கடைசியாகச் சொன்னதன் காரணத்தை நான் அவனுக்குச் சொன்னேன். அந்த ஆளுயரப் பெட்டிக்குள் இருப்பது ஒரே சார்ஜர் அல்ல. 30 கிலோவாட் பெட்டிகள் இரண்டோ மூன்றோ அடுக்கியிருக்கும். ஒன்று செத்தால் மற்றது ஓடிக்கொண்டே இருக்கும், பெயர்ப்பலகை மட்டும் மாறாது. “அப்படியா? நான் என் வண்டிதான் கெட்டுப்போய்விட்டது என்று இரண்டு நாள் தூங்கவில்லை அண்ணா. வண்டி நின்றால் தவணை நிற்குமா?” என்றான்.

எனக்குக் கார் நின்றால் பஸ் இருக்கிறது. அவனுக்கு அப்படி இல்லை. மின்வாகனங்களின் நம்பகத்தன்மை பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் இவனைப் போன்றவர்களிடம்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். மூன்று வருடத்தில் நான் ஓட்டும் தூரத்தை அவன் ஒரே வருடத்தில் ஓட்டிவிடுகிறான். என் காரில் ஐந்தாம் வருடம் வரவேண்டிய நோய் அவன் காரில் இரண்டாம் வருடமே வந்துவிடும்.

அந்தப் பெட்டி ஏன் செத்தது? எனக்கு அது சொல்லப்படவில்லை. ஆனால் அதன் உறவினர்களை நான் தினமும் பார்க்கிறேன். வெல்டிங் இன்வெர்ட்டருக்குள்ளும் இதே மாஸ்ஃபெட் (சிலிக்கானால் ஆன மின்சுவிட்சு), இதே கெப்பாசிட்டர், இதே ஃபெரைட் மின்மாற்றிதான். சாவதும் ஏறத்தாழ ஒரே மாதிரி. சிலிக்கான் துண்டின்மேல் மெல்லிய அலுமினியக் கம்பியை ஒட்டியிருப்பார்கள். சூடானால் சிலிக்கான் விரிவதைப்போல் எட்டு ஒன்பது மடங்கு அலுமினியம் விரியும். இரவு சூடு, காலை குளிர், மறுபடி சூடு. ஒட்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பெயரும். ஒருநாள் பெயர்ந்தே போகும். கெப்பாசிட்டருக்கு வேறு கணக்கு. அதன் வேலைச் சூடு 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். இவை நிதானமான சாவுகள். அகால மரணம் என்று ஒன்று உண்டு. மூன்று ஃபேஸ் இணைப்பில் மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி கழன்றால் ஏதாவது ஒரு ஃபேஸில் 230 இருக்கவேண்டிய இடத்தில் 400ஐ நெருங்கி ஏறிவிடும். கோடை மழையில் பெங்களூர்த் தெருக்களில் மரக்கிளை விழுந்து கம்பி அறும் இரவுகளில் இது புதிதல்ல. அந்த இரவில் தெருவே டிவியையும் ஃபிரிட்ஜையும் தூக்கிக்கொண்டு பழுதுக்கடைக்கு ஓடும். சார்ஜில் நின்றிருக்கும் காரும் அதே கம்பியில்தான் தொங்குகிறது.

இது சின்னச் சின்ன நிறுவனங்களின் கோளாறு என்று யாரும் நினைக்க வேண்டாம். என் கார் நான் சொல்லப்போகும் கம்பெனிகளுடையது அல்ல என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உலகத்தில் இந்த உறுப்பின் பெயரைப் பலருக்கும் தெரியவைத்தது ஹூண்டாயும் கியாவும்தான். அவர்களுடைய ஐயோனிக் 5, இவி6 முதலிய கார்களில் ஆன்போர்டு சார்ஜரையும், 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் மாற்றியையும் ஒரே பெட்டியாக்கி ஐசிசியு என்று பெயர் வைத்தார்கள். அது பழுதானால் 12 வோல்ட் பேட்டரிக்கு ஊட்டம் நின்றுபோகிறது. பெரிய பேட்டரியில் 80 விழுக்காடு இருந்தாலும் பயனில்லை. கணினிகள், ரிலேக்கள், கதவுப் பூட்டு எல்லாம் அந்தச் சின்னப் பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. அது வறண்டதும் கார் ஓடும்போதே சக்தி குறைந்து நின்றுவிடக்கூடும். இந்தியாவில் 2024இல் ஹூண்டாய் 1,744 ஐயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது. கியா அதே வருடம் 1,138 இவி6 கார்களையும், 2025 பிப்ரவரியில் 1,380 கார்களையும் அழைத்தது. அமெரிக்காவில் 2024 நவம்பரில் ஹூண்டாய் அழைத்தவை மட்டும் 1,45,235. அங்கே அரசுக்குக் கொடுத்த விளக்கத்தில் நிறுவனம் சொன்ன காரணங்கள் இரண்டு: திடீர் மின்னழுத்த ஏற்றம், சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வருவது. படித்தபோது சிரித்துவிட்டேன். பீன்யாவில் என் பட்டறைச் சுவரில் எழுதி வைக்க வேண்டிய இரண்டு வரிகள்.

குறை சொன்னாலும் அவர்கள் வெளியே சொன்னார்கள் என்பது ஒரு கணக்கு. மென்பொருளைப் புதுப்பித்து, தேவைப்பட்ட கார்களில் பெட்டியையும் ஃபியூஸையும் மாற்றினார்கள்.

நம் பக்கத்துத் தவறுகளையும் சொல்ல வேண்டும். அடுக்ககக் கீழ்த்தளங்களில் நான் பார்ப்பதில் பாதி, கார்க் கம்பெனி மேல் போட முடியாத பழி. கெய்சர் சாக்கெட்டும் 16 ஆம்பியர்தானே என்று அதே வகை சாக்கெட்டில் கார் சார்ஜரை மாட்டுகிறார்கள். கெய்சர் கால் மணி நேரத்தில் தண்ணீரைச் சூடாக்கிவிட்டு ஓய்ந்துவிடும். கார் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் 15 ஆம்பியரை நிறுத்தாமல் இழுக்கும். சாக்கெட்டின் பித்தளைப் பிடிப்பு லேசாகத் தளர்ந்து, 0.05 ஓம் தடை சேர்ந்தால் போதும். 15 ஆம்பியரில் அந்த ஒரு புள்ளியில் 11 வாட் சூடு உருவாகும். 32 ஆம்பியர் கன்னில் இதே தளர்வு என்றால் 51 வாட். 25 வாட் சால்டரிங் அயர்ன் இரண்டை பிளக்குக்குள் சொருகி இரவு முழுக்க மறந்துவிட்டதற்குச் சமம். சூடானால் பிடிப்பு இன்னும் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடாகும். காலையில் பார்த்தால் சாக்கெட் முகம் பழுப்பேறி இளகியிருக்கும். “சார்ஜர் மட்டம்” என்பார்கள்.

இதைவிட மோசமானது எர்த். எர்த் சரியில்லை என்றால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டி மறுத்துவிடும். மறுப்பதுதான் அதன் கடமை. நம்மாட்கள் என்ன செய்கிறார்கள்? பிளக்குக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து அதை ஏமாற்றிவிடுகிறார்கள். விளக்கு பச்சையாகிவிடும். எங்கோ ஒரு நியூட்ரல் அறுந்த அன்றைக்குக் காரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும்; மழையில் நனைந்த கையோடு யாராவது கதவைத் தொடுவார்கள். எங்கள் அடுக்ககத்திலேயே இரண்டு பிளக்குகளைப் பிடுங்கி, சங்கக் கூட்டத்தில் மேசைமேல் வைத்துச் சண்டை போட்டிருக்கிறேன். கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும், மாதம் ஒருமுறை நாலு குடம் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொன்னதற்கு, “லாரித் தண்ணீரை மண்ணில் கொட்டச் சொல்கிறீர்களா?” என்றார் செயலாளர். பெங்களூரில் அந்தக் கேள்விக்கு என்னாலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அந்த 34 நாளில் ஒருநாள் எஸ்.பி. ரோடு போனேன். மின்னணுச் சாமான்களின் தெரு அது. அங்கே மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிற என் பழைய சிநேகிதர் ஸ்ரீராமபுரத்துத் தமிழர். அவர் மேசையில் இப்போது வெல்டிங் போர்டுகளைவிட மின் ஸ்கூட்டர் சார்ஜர்கள்தான் அதிகம். விசிறி நின்றது, கெப்பாசிட்டர் உப்பியது, மாஸ்ஃபெட் வெடித்தது. நானூறு ஐந்நூறு ரூபாய் பொருள், ஒரு மணி நேர வேலை. கார்ப் பெட்டி ஒன்று வந்தால் பார்ப்பீர்களா என்று கேட்டேன். “ஒன்று வந்தது. திறந்தேன். உள்ளே முழுக்க ரப்பர்போல் கம்பவுண்டு ஊற்றி அடைத்திருக்கிறார்கள். சுரண்டி எடுக்க இரண்டு நாள். எடுத்து முடித்தபோது போர்டில் பாதி அந்தக் கம்பவுண்டோடு வந்துவிட்டது” என்றார். அந்தக் கம்பவுண்டு வீண் வேலையில்லை. அதிர்வையும் ஈரத்தையும் தடுக்கிறது, சூட்டைக் கடத்துகிறது. ஓடும் காலத்தில் அது நல்லது. பழுதானால் கல்லறை.

என் பழைய பெட்ரோல் கார் ஒருமுறை கிருஷ்ணகிரி தாண்டி கிளட்ச் கேபிள் அறுந்து நின்றது. புளியமரத்தடி மெக்கானிக் ஒருவர் நாற்பது நிமிடத்தில் மாற்றிவிட்டு, டீயும் வாங்கிக் கொடுத்தார். அந்தக் கார் மின்காரைவிட நம்பகமானதா என்றால் நிச்சயமாக இல்லை. பத்து வருடத்தில் அது என்னைத் தெருவில் நிறுத்திய தடவைகளுக்குக் கணக்கே கிடையாது. இது மூன்றரை வருடத்தில் ஒரே தடவைதான். ஆனாலும் அதை நம்பினேன், இதை நம்பத் தயங்குகிறேன். யோசித்துப் பார்த்தால், நான் நம்பியது அந்தக் காரை அல்ல. வழியில் எங்கு நின்றாலும் அதைத் திறக்கத் தெரிந்த ஒரு கை பக்கத்தில் இருக்கும் என்பதைத்தான். மின்கார்களைப் பற்றி உரிமையாளர்கள் பயப்படும்போது, புள்ளிவிவரம் தெரியாமல் பயப்படுகிறார்கள் என்று கம்பெனிக்காரர்கள் நினைக்கிறார்கள். பழுதாவது பற்றிய பயம் அல்ல இது. ஐந்நூறு ரூபாய் மாஸ்ஃபெட்டுக்காக 1,38,000 ரூபாய்ப் பெட்டியை மாற்றச் சொல்லும் ஏற்பாட்டைப் பற்றிய பயம்.

பேட்டரிக்கு 8 வருடம் கொடுக்கிறவர்கள், அந்தப் பேட்டரிக்குச் சோறூட்டும் பெட்டிக்கும் 8 வருடம் கொடுக்கட்டும். வாய்க்கு 3 வருடம், வயிற்றுக்கு 8 வருடம் என்று எந்தக் கணக்கில் பிரித்தார்கள்? கார் வாங்கப் போகிறேன் என்று சொல்கிறவர்களிடம் இப்போது நானே மூன்றாவது கேள்வியைக் கொடுத்து அனுப்புகிறேன்: ஆன்போர்டு சார்ஜருக்கும் 12 வோல்ட் மாற்றிக்கும் வாரண்டி எத்தனை வருடம், உங்கள் ஊரில் அது கையிருப்பில் இருக்கிறதா? விற்பனையாளர் மேலாளரைக் கூப்பிடுவார். கூப்பிடட்டும்.

பெட்டி வந்த அன்று நேரிலேயே போய் நின்றேன். கோலார்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் மாற்றினார். குளிர்விக்கும் திரவத்தை வடித்து, குழாய்களைக் கழற்றி, ஆரஞ்சு நிறக் கம்பிகளைப் பிரித்து, நிதானமாகச் செய்தார், நல்ல கை. பழைய பெட்டி தள்ளுவண்டியில் இருந்தது. எடுத்துப் பார்க்கலாமா என்றேன். சுற்றிலும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நல்ல கனம். இணைப்பு வாயருகே மூக்கை வைத்தேன். மாஸ்ஃபெட் வெடித்த பிறகு வரும் அந்தக் கரிந்த வாடை லேசாக அடித்தது. என் பட்டறையில் வாரம் இரண்டு தடவை முகரும் வாடை.

பெட்டியில் ஒரு அட்டையைக் கட்டியிருந்தார்கள். வண்டி எண், ஓடிய கிலோமீட்டர், பிழைக் குறியீடு எல்லாம் நிரப்பியிருந்தது. காரணம் என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும்.

“இது எங்கே போகும்?”

“தொழிற்சாலைக்கு சார். அங்கே திறந்து பார்ப்பார்கள்.”

“என்ன ஆயிற்று என்று எனக்குச் சொல்வார்களா?”

அவர் பெட்டியைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளை இறுக்கிக்கொண்டே சிரித்தார். “எனக்கே சொல்ல மாட்டார்கள் சார்.”